தொண்ணூற்றேழு

பெர்கமோவின் மேல் ஊருக்குக்
கம்பியில் கட்டி இழுக்கிறார்கள் ஒரு பெட்டியை.
நாங்கள் ஏற, பக்கத்துத் தண்டவாளத்தில்
இன்னொன்று இறங்கியது.
உரசாமல் விலகிய அந்த நொடியில்
முழங்கை வரை மாவு படிந்த ஒருத்தி
கண்ணாடியில் சாய்ந்து தூங்கிக்கொண்டு போனாள்.

சாவியோடு வாசலில் நின்றவர் பெயர் ஒர்னெல்லா.
என் சுமையைப் பார்த்து
ஒரு புருவத்தை மட்டும் தூக்கினார்.
"நான்காவது படி குட்டை" என்றார்
திரும்பிப் பார்க்காமல்.
அதற்குள் இடறியிருந்தேன்.

சன்னல் கொக்கியை முதலில் தூக்கி,
பிறகு தள்ளி,
இடுப்பால் ஓர் இடி இடித்தால்தான் திறக்கும்.
அவர் இடுப்புக்கு அது தெரிந்திருந்தது.
"ரொம்ப நாளாய் இங்கே வேலையா?"
"வேலை நான்கு வருடமாய்.
பிறந்ததே இங்கேதான். அதோ,
உங்கள் பெட்டியை வைத்த மூலையில்."

பெட்டியை நகர்த்தினேன்.
"இருக்கட்டும்" என்று சிரித்தார்.
"மூலைக்கும் சேர்த்துத்தான் பணம் கட்டியிருக்கிறீர்கள்."

இப்போது அவர் வீடு கீழே,
ரயில் நிலையத்துக்குப் பின்னால்.
வாடகை ஏற ஏற
இறங்கிப் போனவர்களில் ஒரு குடும்பம்.

பகலெல்லாம் மதிலின் மேல் நடந்தேன்.
வெனிஸ்காரர்கள் கட்டியது.
பீரங்கிக்கு அஞ்சி எழுப்பிய மதிலுக்கு
ஒரு முற்றுகையும் வாய்க்கவில்லையாம்.
அது நிற்க இடம் வேண்டி
வீடுகளை இடித்தார்கள், தேவாலயத்தை இடித்தார்கள்.
ஆக, அது வென்ற ஒரே போர்
சொந்த ஊரோடு.
பீரங்கிக்கென விட்ட இடைவெளியில்
காதலர் இருவர் பீச் பழம் தின்று
கொட்டையை வானத்தில் எறிந்தார்கள்.
தெற்கே புழுதி நிறச் சமவெளி,
மிலான் இருக்கும் திசையில் ஒரு கறை.

பழைய சதுக்கத்து மண்டபத் தரையில்
சலவைக்கல்லில் பதித்த ஒரு கோடு.
மேலே தொங்கும் தகட்டின் துளை வழியே
நாணயம் அளவு வெயில் ஊர்ந்து வந்து
அந்தக் கோட்டைத் தொட்டால் உச்சிப்பொழுது.
என் கைக்கடிகாரத்தில் ஒன்று இருபது.
துப்புரவுக்காரர் துடைப்பத்தை நிறுத்தினார்,
ஆட்டுமந்தைக்கு நிற்கும் லாரி மாதிரி.
வெயில் கடந்து போனது.
பிறகு அந்த இடத்தையும் கூட்டினார்.

முன்னமே ஒர்னெல்லா கேட்டிருந்தார்:
"இரவு பத்துக்குக் கோபுரமணி நூறு முறை அடிக்கும்.
ஊர்வாயில்களைச் சாத்திய காலத்து வழக்கம்.
சாத்துவது நின்றுவிட்டது, அடிப்பது நிற்கவில்லை.
சின்னவளாய் இருந்தபோது
முப்பது தாண்டுமுன் தூங்கிவிடுவேன்.
இப்போது விழித்திருக்கிறேன்,
காற்று தின்றுவிடுகிறது.
நீங்களாவது எண்ணிப் பாருங்களேன்
நிஜமாகவே நூறுதானா என்று."

சன்னலில் உட்கார்ந்து எண்ணினேன்.
நாற்பதில், கீழ் உணவகத்தில்
தட்டுகளை அடுக்கும் ஓசை.
அறுபத்திரண்டில் ஷட்டர் ஒன்று சரிந்தது.
எண்பதுக்குப் பக்கத்தில் காலடிகள்:
சமையல்காரர், தட்டு கழுவுகிறவர்,
கோட்டுப் பொத்தானை நடந்தபடியே பூட்டும் பணிப்பெண்,
எல்லோரும் இறக்கத்தை நோக்கி.
உள்ளே வந்துவிடுங்கள் என்று
ஒரு காலத்தில் கூவிய மணி.
அதே மணிக்கு இன்று
வெளியே போகிறார்கள்
இந்த ஊரை ஊராய் வைத்திருப்பவர்கள்.
கதவு திறந்தே கிடக்கிறது.
என்னைப் போன்றவர்கள் உள்ளே படுக்கிறோம்.

என் கணக்கில் தொண்ணூற்றேழு.

காலையில் துண்டுகளோடு வந்தவரிடம் சொன்னேன்.
நம்பமாட்டார் என்று
தாளில் போட்ட கோடுகளையும் காட்டினேன்.
தலையணை உறையை உதறியபடி
"சரியாகத்தான் இருக்கிறது" என்றார்.
"நேற்று எங்களுக்குக் கீழே மூன்று கேட்டது."

அவரிடம் கேட்க மறந்தது ஒன்று உண்டு:
நான்காவது படி,
இறங்கும்போது
எங்கிருந்து எண்ண வேண்டும்?